பிரிந்த குழு, முடியாத அல்பம்: மிஞ்சியதை வெளியே கொண்டுவரும் வேலை

பிஸ்கட் தகரத்துக்குள் ஆறேழு கசற், பேனையால் எழுதிய பெயர் அழிந்துபோன இரண்டு சீடி, மேசைக்கடியில் கிடந்த பழைய கம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒன்று. பிரிந்துபோன றொக் குழுவின் கடைசி அல்பம் பெரும்பாலும் இப்படித்தான் கைக்கு வரும். ட்ரம்ஸ் அடித்தவர் இங்கே திருகோணமலையில், உவர்மலையில் இருப்பார், கிற்றார்காரர் ரொறன்ரோவில், பாடியவர் லண்டனில். ஒருவரோடு ஒருவர் பேசியே பத்து வருடம் ஆகியிருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாசித்து நிறுத்திய இடம் வரைதான் அந்தப் பாட்டுகள் அவர்களுடையவை. அதற்குப் பிறகு சேர்க்கும் எதுவும் திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். எது சேர்த்தது என்று கேட்பவருக்குத் தெரியவும் வேண்டும். பீற்றில்ஸின் 'லெட் இற் பீ' அல்பத்தின் பெரும்பகுதி 1969 ஜனவரியில் பதிவானது. அது கடைக்கு வந்தது 1970 மே 8இல், பால் மக்கார்ட்னி விலகிய செய்தி வெளியாகி நாலு கிழமைக்குப் பிறகு. இடையில் பில் ஸ்பெக்டர் சில பாட்டுகளுக்கு வயலின் கூட்டத்தையும் கோரஸையும் சேர்த்தார். தன் பாட்டு ஒன்றுக்குச் செய்ததை மக்கார்ட்னி ஏற்கவே இல்லை. 2003இல் அந்தச் சேர்க்கைகள் இல்லாமல் அதே அல்பம் மறுபடி வந்தது. மூல ட்ராக்குகள், அதாவது ஒவ்வொரு கருவியையும் குரலையும் தனியே பதிந்த பகுதிகள், தனித்தனியாகப் பத்திரமாக இருந்தபடியால்தான் அப்படிச் செய்ய முடிந்தது.

கையொப்பம் முதலில்

ஒலிப்பதிவைத் தொடுமுன் ஆட்களைப் பிடியுங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும் இருக்கும். வாசித்தவர், பாடியவருக்கும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் 50 வருடம். இதற்கு எங்கேயும் பதிந்திருக்கத் தேவையில்லை. உரிமை தானாக வந்துவிடும். ஆகவே "அந்தக் காலத்தில் நாங்கள் ஒரு பேப்பரும் எழுதவில்லையே" என்பது அனுமதி ஆகாது. ஸ்ரூடியோ வாடகையை வெளியாள் ஒருவர் கட்டியிருந்தால் அவரையும் கேட்க வேண்டும். குழுவில் யாராவது காலமாகியிருந்தால் வாரிசுகளின் கையொப்பம் வேண்டும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யாருடையது, மெட்டு யாருடையது, யார் யார் எந்தக் கருவி வாசித்தார்கள், வருமானத்தில் யாருக்கு எத்தனை வீதம், புதிதாகச் சேர்க்க அனுமதி உண்டா இல்லையா, பெயரை எப்படி எழுத வேண்டும் என்ற ஆறும் இருக்க வேண்டும். பணம் சொற்பம்தானே என்று வீதத்தை எழுதாமல் விடாதீர்கள். இருநூறு டொலர் வரும்போதும் சண்டை வரும், அதுவும் பழைய சண்டையின் தொடர்ச்சியாக வரும். ஒருவர் மறுத்தால் அவர் வாசித்த ட்ராக்கை எடுத்துவிட்டு வெளியிட மற்றவர்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அந்தப் பாட்டே அவருடையது என்றால் அதை விட்டுவிடுங்கள். வெளியிட்டுவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம்.

இன்னொரு பொறி: இடையிசையில் சினிமாப் பாட்டின் துண்டு, வானொலியிலிருந்து பிடித்த குரல், கோயில் ஸ்பீக்கரில் போன பாட்டு. சம்பந்தர் கோணமலைக்குப் பாடிய பதிகத்தின் வரிகளை யாரும் பாடலாம். ஆனால் ஓர் ஓதுவார் பாடி ஒருவர் பதிவு செய்து விற்ற கசற்றிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தால் அந்தப் பதிவுக்குத் தனியாக உரிமையாளர் இருக்கிறார். யூரியூப்பின் தானியங்கிச் சோதனை இதை உடனே பிடித்துவிடலாம்.

கசற்றிலிருந்து எடுப்பது

இந்த ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வருகிறது. ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் தை வரை எதுவும் சரியாகக் காயாது. கச்சான் அடிக்கும் மாதங்களில் ஈரம் குறையும், பதிலுக்குப் புழுதி வரும். மாற்றும் வேலையை அந்த மாதங்களில், யன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு செய்வது நல்லது. ஏசி அறையில் வைத்த கசற்றை வெளியே கொண்டுவந்தவுடன் போடாதீர்கள். குளிர்ந்த ரேப்பில் ஈரம் படிந்து ஹெட்டில் ஒட்டும். பெட்டியை மூடியபடியே இரண்டு மூன்று மணித்தியாலம் வையுங்கள்.

கசற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சிறு யன்னலூடாகச் சுருளைப் பாருங்கள். பஞ்சுபோல வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சணம். அதை டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசற்றுக்கும் போகும். முகக்கவசம் போட்டு, கூட்டைத் திறந்து, நூல் உதிராத துணியை ஐசோபுரப்பைல் அல்ககோலால் சற்றே ஈரமாக்கி ரேப்பை மெதுவாக அதனூடாகச் சுற்ற வேண்டும். ஒரு கசற்றுக்கு ஒரு மணித்தியாலம் போகும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அமுக்கித் துண்டு. கசற்றின் வாய்ப்பக்கத்தில், நடுவில், மெல்லிய செப்புத் தகட்டின் மேல் உளுந்தைவிடச் சற்றே பெரிதாக ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். ரேப்பை ஹெட்டோடு சேர்த்துப் பிடிப்பது அதுதான். இருபது வருடத்தில் பசை காய்ந்து அது கழன்று கூட்டுக்குள்ளேயே கிடக்கும். அப்படியே போட்டால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். ஒரு பக்கம் வந்து வந்து போகும். பலர் இதை ரேப் பழுதென்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். ஐந்து ஸ்குரூ போட்ட புதுக் கசற் ஒன்றை வாங்கிக் கழற்றுங்கள். பழையதை மேசையில் படுக்கவைத்து மேல்மூடியை மட்டும் நேராகத் தூக்குங்கள். சாய்த்தால் சுருள் நழுவிக் கொட்டிவிடும். இரண்டு சுருளையும் ஒன்றாக எடுத்துப் புதுக் கூட்டில் வைத்து, ரேப்பை இரு மூலையிலுள்ள உருளைகளுக்கு வெளியாலும் அமுக்கித் துண்டுக்கு முன்னாலும் கொண்டுபோங்கள். மூடியபின் பென்சிலால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்குரூவை இறுக்குங்கள். கூடு ஸ்குரூ இல்லாமல் ஒட்டிய வகையென்றால் விளிம்புக் கோட்டில் பிளேட்டை வைத்துக் கிளப்ப வேண்டும். அந்தக் கூடு உடையும், உடையட்டும்.

டெக்கின் ஹெட்டையும் இரும்புத் தண்டையும் அல்ககோலால் துடையுங்கள். றப்பர் உருளைக்கு அல்ககோல் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீர் போதும். ஹெட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்குரூ ஒன்று இருக்கும். பாட்டை மோனோவாக்கிக் கேட்டுக்கொண்டு அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக அங்குமிங்கும் திருப்பினால் ஓரிடத்தில் சிம்பல் சத்தம் பளிச்சென்று வரும். அங்கே விடுங்கள். ஒவ்வொரு கசற்றுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு மெஷினில் பதிந்ததாக இருக்கலாம்.

வேகம் சரியா என்று பார்க்க நம்மூர் மின்சாரமே ஓர் அளவுகோல். அம்பிளிஃபயர் இரைச்சல் 50 ஹேர்ட்ஸில் பதிந்திருக்கும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று மென்பொருள் காட்டும் அலைமாலைப் படத்தில் அது 51.5 என்று காட்டினால் ரேப் 3 வீதம் வேகமாக ஓடுகிறது, சுருதி அரை செமிடோன் ஏறியிருக்கிறது. ஜெனரேற்றரில் ஓடிய நாளின் பதிவென்றால் இந்தக் கணக்கு பொய்க்கும். அப்போது கீபோட்டின் சுரத்தை வைத்துச் சரிபாருங்கள். கிற்றாரை நம்ப வேண்டாம்.

டோல்பியும் டிபிஎக்ஸும் ரேப் இரைச்சலைக் குறைக்கும் முறைகள். டோல்பி என்று கசற் உறையில் எழுதியிருந்தால் டெக்கில் அதைப் போட்டு ஒருமுறையும் போடாமல் ஒருமுறையும் எடுத்து இரண்டையும் வையுங்கள். டிபிஎக்ஸ் என்றால் அதற்கான கருவி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ட்ரம் அடிக்கும் இரைச்சல் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிவராது.

வீட்டில் பதிந்த குழுவென்றால் நாலு ட்ராக் கசற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரண டெக்கில் போட்டால் பாட்டு பாதி வேகத்தில் ஓடும். கசற்றைத் திருப்பிப் போட்டால் பின்னோக்கி ஓடும். பயப்படத் தேவையில்லை. அந்த மெஷின்களில் பல இரட்டை வேகத்தில், வினாடிக்கு 9.5 சென்ரிமீற்றரில், ஒரே திசையில் நாலு ட்ராக்கும் எழுதுபவை. அதே வகை மெஷினைத் தேடிப் பிடிப்பதுதான் சரியான வழி. கிடைக்கவே இல்லையென்றால் முதல் பக்கத்திலிருந்து 1, 2ஐ எடுங்கள். மறுபக்கத்தில் இடதில் 4உம் வலதில் 3உம் வரும். அவற்றைத் தலைகீழாக்கி, எல்லாவற்றையும் இரட்டை வேகமாக்கிப் பக்கத்தில் பக்கம் வையுங்கள். இரண்டு ஓட்டத்தில் எடுத்ததால் அவை போகப் போக விலகும். எட்டு பாருக்கு (தாள வட்டத்துக்கு) ஒருமுறை வெட்டி ட்ரம் அடியோடு பொருத்துங்கள்.

பதியும் அளவு 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு. உச்சம் கழித்தல் 12 டெசிபலுக்கும் கழித்தல் 6 டெசிபலுக்கும் இடையில் நின்றால் போதும். ஒரு ட்ராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைற் பிடிக்கும். 16 ட்ராக், 5 நிமிடப் பாட்டு என்றால் ஏறத்தாழ 690 மெகாபைற். பத்துப் பாட்டு 7 ஜிகாபைற்றுக்குள் அடங்கும் என்பதால் இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3 ஆக்க ஒரு காரணமும் இல்லை. லப்டொப்பை பற்றரியில் ஓடவிட்டுப் பதியுங்கள். சார்ஜர் செருகியிருந்தால் இரைச்சல் சேரும். கரண்ட் நின்றால் டெக் நின்றாலும் கோப்பாவது தப்பும்.

ஹார்ட் டிஸ்க்

'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்தான் பாதி டிஸ்க் சாகிறது. சத்தம் இல்லாவிட்டாலும் முதல் வேலை முழு டிஸ்க்கையும் அப்படியே வேறொன்றுக்குப் பிரதி எடுப்பது; 'டிடிரெஸ்கியூ' இதற்கென்றே உள்ள இலவசக் கருவி. பிறகு மூலத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

பழைய ப்ரொஜெக்ற் கோப்பு திறக்காமல் போகலாம். திறந்தாலும் 32 பிற் காலத்து ப்ளகின்கள் (சத்தத்தை மாற்றும் துணை மென்பொருள்கள்) இன்றைய மென்பொருளில் பெரும்பாலும் ஏறாது. சத்தம் போகவில்லை, ஓடியோ ஃபோல்டருக்குள் வேவ் கோப்புகள் இருக்கும். எந்தத் துண்டு எந்த இடத்தில் என்பதுதான் தெரியாது. பல மென்பொருள்கள் கோப்புக்குள்ளேயே நேரக்குறி எழுதியிருக்கும். 'ரீப்பர்' என்ற ஒலிப்பதிவு மென்பொருள் அதைப் படித்துத் துண்டுகளைப் பழைய இடத்தில் வைக்கும். பாடகர் மட்டும் திடீரென ஒன்றரை செமிடோன் மேலே பாடினால் அது 44.1இல் பதிந்ததை 48 ஆக வாசிக்கும் கோளாறு. சுருதியைக் குறைத்துச் சரிசெய்யப் போகாதீர்கள், கோப்பின் வீதத்தைத் திருத்துங்கள்.

எது பாட்டு, எது துண்டு

எல்லாம் எடுத்தபின் ஒன்றும் திருத்தாமல் முழுதையும் ஒருமுறை கேளுங்கள். மூன்று குவியலாகப் பிரியும்: வாசிப்பும் பாட்டும் முடிந்தவை, வாசிப்பு முடிந்து பாட்டு ரஃப் ஆக நிற்பவை, கிற்றாரோடு முணுமுணுத்த துண்டுகள்.

வேலை முழுதும் நடுக்குவியலில்தான். ரஃப் ஆகப் பாடி வைத்த குரல் பெரும்பாலும் கழிக்கத்தக்கதல்ல. அவர் மூன்று தடவை பாடியிருந்தால் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து வரி வரியாக நல்லதைத் தெரிந்தெடுங்கள். சொல்லுக்குள் வெட்டாதீர்கள், மூச்சுக்கு முன்னால் வெட்டுங்கள். மூச்சு முந்தின வரியோடு போய்விட்டால் அடுத்த வரி யந்திரம் பாடியதுபோல இருக்கும். ஒரு சரணத்துக்கு வரியே எழுதப்படவில்லை, 'லா லா' என்று பாடி வைத்திருக்கிறார் என்றால் அது அப்படியே போகட்டும். எங்கள் அபிப்பிராயத்தில் புதிதாக வரி எழுதி வேறொருவரைப் பாடவைப்பதைவிட அந்த 'லா லா' ஆயிரம் மடங்கு பெறும்.

காலமானவரின் குரலை செயற்கை நுண்ணறிவால் உண்டாக்க வேண்டாம். அவருடைய பதிவிலிருந்து பிரித்தெடுப்பது வேறு விஷயம். பீற்றில்ஸின் 'நவ் அன்ட் தென்' 2023 நவம்பரில் வந்தது அப்படித்தான். ஜோன் லெனன் வீட்டில் கசற்றில் பாடி வைத்த பாட்டு அது. 1995இல் முயன்று, இரைச்சலும் பியானோவும் குரலோடு கலந்து கிடந்ததால் கைவிட்டார்கள். பிறகு கணினி அவருடைய குரலைத் தனியே பிரித்துக் கொடுத்தது. 'டீமக்ஸ்' என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைச் சாதாரணக் கம்பியூட்டரிலேயே செய்யும். பயிற்சி நாளில் ஒரே மைக்கில் பதிந்த கசற்றுக்கு இது வரப்பிரசாதம். பிரித்த குரலில் சிம்பல் சத்தம் தண்ணீருக்குள் கேட்பதுபோல மிச்சமிருக்கும். குரலைத் தனியே விடாமல் மூலப் பதிவின் மேல் கொஞ்சமாக ஏற்றி வைத்தால் அது மறையும்.

சேர்க்க வேண்டியதைச் சேர்ப்பது

பேஸ் கிற்றார் ட்ராக்கே இல்லை, அல்லது கேபிள் பழுதால் வெடித்துக் கிடக்கிறது என்றால் அதை வாசித்தவரையே கேளுங்கள். அவர் ரொறன்ரோவில் இருந்தாலும் தடையல்ல. அங்கே நேரம் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், பனிக்காலத்தில் பத்தரை பின்னே என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கதையுங்கள். அவருக்கு அனுப்பும் கோப்பு பாட்டின் பூச்சியத்திலிருந்து தொடங்கி, முன்னால் இரண்டு பார் எண்ணிக்கையோடு இருக்க வேண்டும். திரும்பி வருவதும் அதே பூச்சியத்திலிருந்து, 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில், எந்த எஃபெக்ற்றும் இல்லாமல் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பினால் நசிந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகிள் ட்ரைவ்.

வாசிக்குமுன் பழைய பதிவின் சுருதியை அளந்து சொல்லிவிடுங்கள். அந்த நாளில் அவர்கள் காதால் கூட்டியிருப்பார்கள். ஏ சுரம் 440 ஹேர்ட்ஸில் இல்லாமல் 434இல் இருக்கலாம். புதுக் கருவியைப் பழையதுக்குக் கூட்டுங்கள், பழையதைத் திருத்தப் போகாதீர்கள். தாளமும் அப்படியே. க்ளிக் (காதில் விழும் தாள எண்ணிக்கைச் சத்தம்) இல்லாமல் அடித்த ட்ரம்ஸ் கோரஸில் ஓடும், சரணத்தில் தளரும். பாருக்குப் பார் தாளக் குறி வைத்து மென்பொருளை ட்ரம்ஸுக்குப் பின்னால் போகச் செய்யுங்கள். ட்ரம்ஸைக் கட்டத்துக்குள் நேராக்கினால் அந்தக் குழு அங்கே இல்லை.

ஊரில் வைத்துக் குரல் பதிவதென்றால் நேரம் முக்கியம். பகலில் காகமும் ஆட்டோவும் விடாது. மார்கழியில் விடியற்காலை திருவெம்பாவை ஸ்பீக்கரில் போகும். இரவு பத்துக்குப் பிறகுதான் வசதி. தகரக் கூரைக்குக் கீழே மழை நாளில் பதிய நினைக்கவே வேண்டாம். கடற்கரை ஓரமென்றால் அலைச்சத்தம் காதுக்குத் தெரியாமலே மைக்கில் ஏறும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, மெத்தையைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். எல்லாரும் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். மைக் கேட்பது பாடுபவருக்குப் பின்னாலுள்ள சுவரை. ஃபேனை நிறுத்த வேண்டும். வியர்க்கும், ஆகவே இரண்டு பாட்டுக்கு ஒருமுறை இடைவேளை விடுங்கள்.

சேர்த்த ஒவ்வொரு ட்ராக்கின் பெயரிலும் வருடத்தைப் போடுங்கள்: 'பேஸ் 2009', 'பேஸ் 2025'. பாட்டுக் குறிப்பில் இதையே எழுதப்போகிறோம்.

மிக்ஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 50, 100, 150 ஹேர்ட்ஸ் இரைச்சலை ஒடுக்கமாகக் குறையுங்கள், முழுதாக அழித்தால் பேஸும் சேர்ந்து போகும். ரேப் இரைச்சலைப் பாட்டுக்குள் விட்டுவிட்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் மெல்ல இறக்குங்கள். கடைசிச் சுரம் ஓய்ந்தபின் ஒருவர் கதிரையை நகர்த்துகிற சத்தமோ, "சரி, இன்னொருக்கா" என்ற குரலோ இருந்தால் வெட்டாதீர்கள். அந்த 'இன்னொருக்கா' பிறகு நடக்கவே இல்லை. எல்லாப் பாட்டும் முடிந்தபின் ஒன்றாக மாஸ்டர் செய்யுங்கள், அதாவது சத்த அளவை ஒன்றுக்கொன்று பொருந்தக் கடைசியாகச் சரிசெய்யுங்கள். சராசரிச் சத்தத்தை அளக்கும் எல்யுஎஃப்எஸ் அலகில் கழித்தல் 14 அளவில், உச்சம் கழித்தல் 1 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் ஸ்பொற்றிஃபை அதை மேலும் இறக்காது.

பெயரும் எழுத்தும்

பாட்டு வரிகள் பழைய கம்பியூட்டரில் பாமினி எழுத்துருவில் கிடக்கும். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யுனிகோட்டுக்கு மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் வாசியுங்கள். 'ௌ' வர வேண்டிய இடத்தில் கொம்பும் 'ள'வும் தனித்தனியே நிற்கும். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. குழுவின் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஓரிடத்தில் ஒரு புள்ளி கூடினாலும் இரண்டு கலைஞர் பக்கமாகப் பிரிந்துவிடும். சேர்த்துவைக்கக் கிழமைக்கணக்கில் மின்னஞ்சல் எழுத வேண்டும்.

வெளியீட்டுக்கு, பாட்டை ஸ்பொற்றிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பிவைக்கும் டிஸ்ட்ரோகிட், ரியூன்கோர், சீடி பேபி போன்ற சேவை ஒன்றைப் பிடியுங்கள். பணம் இலங்கை வங்கிக் கணக்குக்கு எந்த வழியில் வரும் என்பதைக் கணக்குத் திறக்குமுன் பாருங்கள். முகப்புப் படம் 3000க்கு 3000 பிக்சல். பாட்டுக்கொரு ஐஎஸ்ஆர்சி இலக்கத்தை (பதிவின் அடையாள எண்) அவர்களே தருவார்கள், அதைக் கையொப்பக் கடிதத்தோடு எழுதி வையுங்கள். திகதியை இன்றைக்கே என்று போடாமல் மூன்று நாலு கிழமை தள்ளிப் போடுங்கள். ஸ்பொற்றிஃபையின் பாட்டுப் பட்டியல்காரருக்கு வெளியாகுமுன் அனுப்ப வேண்டும், குறைந்தது 7 நாளுக்கு முன்னால் என்றால் நல்லது. அங்கே ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாவிட்டால் அதற்குப் பணம் வராது என்பதையும் எல்லாருக்கும் முதலே சொல்லிவிடுங்கள். கேட்பவருக்கு நேரடியாக விற்கும் தளமான பான்ட்காம்பில் கோப்பாக விற்றால் அவர்கள் 15 வீதம் எடுப்பார்கள். அங்கே நீளமான குறிப்பு எழுத இடமுண்டு: எந்த ட்ராக் எந்த வருடத்தில் பதிந்தது, எது ரஃப் குரல், எது பின்னால் சேர்த்தது.

வெளியானபின் மூலக் கசற்றுகளைச் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத பெட்டியில் நிமிர்த்தி அடுக்கி, பெட்டிக்கு மேலே திகதி எழுதுங்கள். திருத்தாத மூலக் கோப்புகள் இரண்டு டிஸ்க்கில், ஒன்று இந்த வீட்டிலும் மற்றது கடலுக்குத் தூரமான இன்னொரு வீட்டிலும். மூன்றாவது பிரதி ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ, குழுவில் யார் வைத்திருக்கச் சம்மதிக்கிறாரோ அவருக்கு.